பெயர் தெரியாத பன்னிரண்டு கன்றுகள்

தணிகைவேலுக்கு நன்றாகத் தெரிந்த மரம் ஒன்றே ஒன்றுதான், சவுக்கு. மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக நீண்டு கிடந்த அரசு சவுக்குத் தோப்பில் பதினோரு வருடமாக அவன் வாட்சர். அடிமரத்தை ஒரு கையால் வளைத்துப் பிடித்து வயது சொல்வான். எந்த வரிசையில் எந்த மரம் சாயப் போகிறது என்பது மரத்துக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். மற்ற மரங்களைப் பொறுத்தவரை மா, புளி, வேம்பு, பனை, தென்னை என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அளவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆனால் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிற வாட்சருக்கு மரம் தெரியாமல் இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. அதனால் யாரும் கேட்டதுமில்லை. 1973 சித்திரையில் வசுமதி கேட்டாள்.

வசுமதி அடப்பங்குப்பத்துத் தாய் சேய் நல நிலையத்தின் நர்ஸ். செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள், முப்பத்தொரு வயது. அப்பா போன பிறகு அவள் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதெல்லாம் முடிந்தபோது, இனி அவளுக்குக் கல்யாணம் எதற்கு என்கிற மாதிரி வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. மாற்றல் வந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு குப்பத்துக்கு வந்து, நிலையத்தின் பின்னறையிலேயே குடியிருந்தாள்.

நிலையம் என்பது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் நின்ற ஒரு சின்னக் கட்டடம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு செடி கிடையாது, மணலில் படர்கிற அடப்பங்கொடியைத் தவிர. புதன்கிழமை தடுப்பூசி நாள். பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உள்ளே ஐந்து பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் மேற்குச் சுவரின் நிழலில் வரிசையாக உட்காருவார்கள். வெயில் ஏற ஏற அந்த நிழல் சுருங்கும். காலை நீட்டி உட்கார்ந்தவர்கள் மடக்குவார்கள், மடக்கியவர்கள் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பார்கள். சித்திரையில் உச்சிப் பொழுதுக்கு நிழல் சுவருக்குள்ளேயே போய்விடும்.

அப்படி ஒரு புதன்கிழமைதான் இருசப்பன் பெண்சாதி சின்னப்பொண்ணு எட்டு மாத வயிற்றோடு நின்றபடியே மயங்கி மணலில் விழுந்தாள். நல்லவேளையாக வயிற்றில் அடி படவில்லை. வசுமதியும் ஆயா கன்னியம்மாவும் அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். ஆனால் உள்ளே கூரையின் காங்கை வெளியைவிட மோசமாக இருந்தது. ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வசுமதி, இங்கே ஒரு மரம் இருந்தால் இவளை அதன் கீழே போட்டிருக்கலாமே என்று சொன்னாள். கன்னியம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். தோப்பில் மேய்ந்த ஆட்டை விரட்டிக்கொண்டு தணிகைவேல் அப்போதுதான் அந்தப் பக்கம் வந்திருந்தான்.

வசுமதி வெளியே வந்து கேட்டாள். இந்த மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் எந்த மரம் தாங்கும், எது சீக்கிரம் நிழல் தரும், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது என்றாள்.

தணிகைவேலுக்குப் பெண்சாதி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. தோப்போரத்தில் ஒரு கொட்டகையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தன்னை ஒருவர் நம்பி ஒன்றைக் கேட்டு அவனுக்கு ரொம்ப நாளாகிவிட்டிருந்தது. நெற்றி வியர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவளிடம் தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"புன்ன கீது, புங்கன் கீது, மகிழம் கீது," என்றான். கேள்விப்பட்டிருந்த பெயர்கள். "நா கொண்ணாந்து தரேன் நர்ஸம்மா. நீங்க கவலப்படாதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணைக்குச் சைக்கிள் மிதித்தான். பண்ணைக்காரர் என்ன மரம் வேண்டும் என்று கேட்டபோது, காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டு எதற்கு எது பொருந்தும் என்று அவரிடமே கேட்க வெட்கமாக இருந்தது. எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு கொடுங்கள் என்றான். இலை பெரிதாகவும் பச்சையாகவும் இருந்ததையெல்லாம் விரலால் காட்டினான். அவரும் பன்னிரண்டு கன்றுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய காகிதத் துண்டைக் கட்டிவிட்டார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. வந்து சேர்ந்தபோது காகிதமெல்லாம் கூழாகியிருந்தது.

வசுமதி வாசலிலேயே காத்திருந்தாள். பால் பவுடர் டப்பா மூடிகளில் ஆணியால் துளை போட்டுக் கயிறு கோத்துத் தயாராக வைத்திருந்தாள். மருந்துப் பாட்டிலுக்குப் பெயர் எழுதுகிற மாதிரி மரத்துக்கும் எழுதி மாட்டிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். ஒவ்வொரு கன்றாகத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டாள். தணிகைவேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னான். தயங்காமல் சொன்னான். பெயர்கள் தீர்ந்ததும் முதலில் சொன்னவற்றையே திரும்பச் சொன்னான். அவள் சிவப்பு மையால் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து புன்னை என்று பெயர் பெற்ற கன்றின் இலையைக் கிள்ளி முகர்ந்தாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த மூடியை எடுத்து வசுமதியிடம் நீட்டினாள்.

நடவேண்டிய காலம் அது இல்லை. ஆனாலும் சின்னப்பொண்ணு விழுந்தது வசுமதியின் கண்ணிலேயே இருந்தது. அடுத்த கோடைக்குள் நிழல் வேண்டும் என்றாள். கட்டடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு குழி. தண்ணீருக்குத் தோப்போரத்துக் கிணற்றுக்குப் போகவேண்டும், அரை பர்லாங்கு தூரம். தினமும் சாயங்காலம் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று ஆறு நடை நடந்தாள். தணிகைவேல் பார்த்துவிட்டால் வாளியை வாங்கிக்கொள்வான். அந்த அரை பர்லாங்கு தூரத்தில் பேச நிறைய இருந்தது. அவள் ரயில்வே குடியிருப்பில் என்ஜின் கரி பொறுக்கின கதையைச் சொன்னாள். அவன் தன் பெண்சாதி மஞ்சள் காமாலையில் போனதைச் சொன்னான். அதை அதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஒருநாள் கன்னியம்மா, "இன்னா வாட்சரே, டெய்லி வந்து மரத்த எண்ணிக்கினு போறியா?" என்று கேட்டாள். அவன் சைக்கிள் மணியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

ஆனி மாதம் இலைகள் கருக ஆரம்பித்தன. மத்தியானம் கடற்காற்று எழும்பும்போது அதில் உப்பு வந்தது. கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் ஓரம் தீய்ந்து சுருண்டன. வசுமதி தண்ணீரை இரண்டு நடை கூட்டினாள். அப்படியும் ஆடி பிறந்தபோது நான்குதான் மிச்சம். மகிழம் என்று எழுதித் தொங்கிய குச்சியில் ஒரு காக்கா உட்கார்ந்தது, குச்சி ஒடிந்து விழுந்தது.

அந்த மாதத்தில் ஒரு புதன்கிழமை இருசப்பன் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசி போட வந்தான். சின்னப்பொண்ணுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. வரிசை நீளமாக இருந்ததால் வெளியே நின்று கன்றுகளை வேடிக்கை பார்த்தான். தணிகைவேலும் அங்கேதான் இருந்தான், குழிக்கு அணை கட்டிக்கொண்டு. இருசப்பன் ஒரு மூடியைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"நர்ஸம்மா, யாரு இத்தப் புன்னன்னு சொன்னது?" என்றான். "எங்க நைனா வூட்டாண்ட ரெண்டு புன்ன இருந்துச்சு. எலயத் தொட்டா தோலு மாரி கெட்டியா இருக்கும், உள்ள கோடு கோடா சீப்பு மாரி ஓடும். அந்தக் கொட்டயில எண்ண எடுத்துத்தான் வெளக்கு ஏத்துவோம். இது மருதம். ஆத்தங்கரையில நிக்கிற மரம். மணல்ல கொண்ணாந்து வச்சா அது பாவம், இன்னா பண்ணும்?"

வசுமதி ஊசியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கன்னியம்மாவைப் பார்த்தாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். கன்னியம்மாவுக்குப் பொய் வராது. முதல் நாளே தெரியும் என்று ஒப்புக்கொண்டாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டு தண்ணீர் தூக்கி வருவதைப் பார்க்க நன்றாக இருந்தது, அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டதாகச் சொன்னாள். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். வசுமதி சிரிக்கவில்லை.

கூட்டமெல்லாம் போன பிறகு தணிகைவேல் படியருகே வந்து நின்றான். மழையில் காகிதம் ஊறிப் போனதைச் சொன்னான். ஊறாமல் இருந்திருந்தாலும் எது எதற்குப் பொருந்தும் என்று தனக்குத் தெரிந்திருக்காது என்பதையும் சொன்னான். அவள் கோபமாகப் பேசியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போல இருந்தது.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள் வசுமதி. "நான் உங்களை ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன். ரெண்டு பேருமா வேற யாரையாவது கேட்டிருப்போம். மூணு மாசமா இடுப்பு ஒடியத் தண்ணி தூக்கினேன்."

உள்ளே போய்விட்டாள். மறுநாள் மூடிகளை எல்லாம் கழற்றி ஒரு பெட்டியில் போட்டுவிட்டதைத் தோப்பிலிருந்தே அவன் பார்த்தான். அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

மூன்று வாரம் போயிற்று. கஞ்சி வைப்பான், பாதியைக் காக்காய்க்குப் போடுவான். இறந்துபோன எட்டுக் கன்றும் அவன் மனதில் வரிசையாக நின்றன. அவற்றைக் கொன்றது வெயில் இல்லை, தன் வாய்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. எந்த மரம் பொருந்தும் என்று பண்ணையில் போய்க் கேட்பதைவிட, ஏற்கெனவே எது நின்றுகொண்டிருக்கிறதோ அதைப் போய்ப் பார்க்கலாம். இந்தக் கடற்கரையில் யாரும் தண்ணீர் ஊற்றாமல், வேலி கட்டாமல், கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எவ்வளவோ மரங்கள் நிற்கத்தான் செய்கின்றன. தினமும் பார்த்த மரங்கள். ஒன்றையும் நின்று பார்த்ததில்லை.

நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தான். ஒரு சாக்குப் பை, பழைய செய்தித்தாள், ஒரு பென்சில். சதுரங்கப்பட்டினத்தில் ஆரம்பித்து வடக்கே கோவளம் வரை கரையோடு நடந்தான். மரம் ஒன்று நின்றால் முதலில் கடலுக்கும் அதற்கும் எத்தனை தப்படி என்று எண்ணுவான். கடல் பக்கத்து இலை கருகியிருக்கிறதா என்று பார்ப்பான். உச்சிவேளைக்கு அதன் கீழே உட்கார்ந்து, தலையில் வெயில் புள்ளி விழுகிறதா என்று பார்ப்பான். ஒரு இலை, கிடைத்தால் ஒரு காய், எல்லாவற்றையும் தாளில் மடித்துப் பையில் போடுவான். பிறகு பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களிடம் போவான்.

"இந்த மரத்துக்கு இன்னா பேரு? எனுக்குத் தெரியாது," என்பான்.

முதல் தடவை அதைச் சொல்ல நாக்கு ஒட்டிக்கொண்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த கிழவர் அவன் காக்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் பெயரைச் சொன்னார், அதோடு அந்த மரம் எந்தப் புயலுக்குத் தப்பியது என்பதையும் சொன்னார். தேவனேரிப் பக்கம் ஒரு பெண் நுணாவை மஞ்சணத்தி என்றாள். இரண்டு குப்பம் தள்ளி அதையே நுணா என்றார்கள். அவன் இரண்டையும் எழுதிக்கொண்டான். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் தெரியாது என்று சொல்வது அவனுக்குச் சுலபமாகிவிட்டது. அப்படிச் சொன்னால் மனிதர்கள் உட்காரச் சொல்லி மோர் கொடுக்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை நிலையத்தின் வாசல் பெஞ்சில் சாக்குப் பையை அவிழ்த்தான். வசுமதி கதவருகே நின்றாள். அவன் ஒவ்வொரு தாளாகப் பிரித்து வைத்தான். இருபத்திரண்டு இலைகள்.

"இதுல எதுக்கும் நானா பேரு சொல்லல," என்றான். "யார் யார் இன்னா பேரு சொன்னாங்கன்னு எழுதிகீது. ரெண்டுக்கு யாருக்குமே பேரு தெர்ல. அத்தத் தெர்லன்னே எழுதிட்டேன்."

அவள் ஒரு தாளை எடுத்துப் படித்தாள். கோணல் எழுத்தில், 'கடலுக்கு நூத்தி நாப்பது தப்படி. கருகல. நெழல் கெட்டி. ஆடு தின்னாது. பேரு தெர்ல,' என்று இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கன்னியம்மா, ரெண்டு டீ போடு," என்றாள் உள்ளே பார்த்து.

அன்றைக்கு நோயாளி யாரும் வரவில்லை. மூன்று பேரும் பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து இலைகளைப் பிரித்தார்கள். கன்னியம்மா இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. முருங்கையை ஒதுக்கினாள். சீக்கிரம் வளரும், ஆனால் கிளை ஒடிந்து பிள்ளைகள் மேல் விழும். வாதுமை நல்ல நிழல்தான், ஆனால் வருடத்தில் இரண்டு முறை இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அதில் ஒன்று முன்பக்கம் போதும் என்றாள். குப்பத்துக்கு மேற்கே ஓடும் கால்வாயின் கரையில் வரிசையாக நிற்கும் பூவரசை எடுத்துக்கொண்டார்கள். கிளையைக் கை பருமன் போத்தாக வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும், கன்று வளரக் காத்திருக்க வேண்டாம். கடல் பக்கத்துக்குப் புன்னை. அது மெல்ல வளரும். ஆனால் அவன் பார்த்த புன்னைகளில் ஒன்றுகூடக் கருகவில்லை. வேம்பு வடக்கே, கிணற்றுக்குப் போகும் வழியில்.

புன்னை சின்னதாக இருக்கும்போது அதை உப்புக் காற்றிலிருந்து யார் காப்பாற்றுவது என்று வசுமதி கேட்டாள். அதற்கு மட்டும் தணிகைவேலிடம் பதில் இருந்தது. கடலோரமாக நெருக்கமாக இரண்டு வரிசை சவுக்கு வைத்துவிடலாம், மூன்று வருடத்தில் அது சுவர் மாதிரி எழும்பிவிடும், அதன் மறைவில் புன்னை வரும் என்றான். எத்தனை அடிக்கு ஒன்று, எப்போது நடுவது, எந்த மாதம் வரை தண்ணீர், எப்போது நிறுத்துவது என்று விரல் விட்டுச் சொன்னான். அவள் எதையும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஐப்பசி மழை வரும்வரை ஒன்றும் நடவில்லை. பழைய கன்றுகளில் மிச்சமிருந்த நான்கும் அதற்குள் பட்டுப்போயின. குழிகளை மட்டும் ஆழமாக வெட்டி, மாட்டுவண்டியில் ஏரி வண்டலும் ஆட்டு எருவும் கொண்டுவந்து நிரப்பினார்கள். இருசப்பனும் அவன் கூட்டாளிகளும் கடலுக்குப் போகாத நாளில் வந்து வெட்டிக் கொடுத்தார்கள். முதல் மழை நின்ற மறுநாள் கால்வாய்க் கரையிலிருந்து ஐந்து பூவரசம் போத்துகளை வெட்டி வந்து மேற்கு வாசலில் ஊன்றினார்கள். வெட்டிய தலை காய்ந்துபோகாமல் இருக்கக் கன்னியம்மா அதன்மேல் சாணி உருண்டை வைத்தாள். பார்ப்பதற்கு ஐந்து பேர் தலைப்பாகை கட்டி நிற்பது போல இருந்தது. இருபது நாளில் நான்கு துளிர்த்தன. அதே மழையில் கடலோரம் இரண்டு வரிசை சவுக்கும், முன்பக்கம் ஒரு வாதுமையும், வடக்கே வேம்பும் வைத்தார்கள். தணிகைவேல் பொறுக்கி வந்திருந்த புன்னைக் கொட்டைகளின் ஓட்டை மெல்ல உடைத்து, பால் பவுடர் டப்பாக்களில் மண் நிரப்பிப் போட்டார்கள். பதினெட்டு டப்பா. இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. தை பிறந்த பிறகு ஒரு காலையில் வசுமதி தோப்பு வரைக்கும் வேகமாக நடந்து வந்து, ஏழாவது டப்பாவில் முளை விட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு அவன் அவளோடு நடந்து போனான்.

அந்தக் கோடை முழுக்க அந்த டப்பாக்களைக் கட்டடத்தின் மேற்குச் சுவரோரம் வைத்துக் காப்பாற்றினார்கள். நிழல் நகர நகர டப்பாக்களும் நகர்ந்தன. புதன்கிழமையில் தாய்மார்களும் டப்பாக்களும் ஒரே வரிசையில் இருந்தார்கள். பதினெட்டில் ஒன்பது பிழைத்தன. வருகிற ஐப்பசியில் தரையில் வைக்கலாம் என்று முடிவாயிற்று.

1974 புரட்டாசியில் வசுமதிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மதுராந்தகம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்துக்கு. வழக்கமாக வருகிற மாற்றல்தான், அவளும் இங்கே வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு மாதத்தில் போய்ச் சேரவேண்டும். குப்பத்தில் செய்தி பரவி, சின்னப்பொண்ணு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அழுதாள். தணிகைவேல் அன்று முழுவதும் வரவில்லை. மறுநாள் மத்தியானம் வந்தான். வந்தவன் டப்பாக்களின் அருகே குந்தி உட்கார்ந்து, இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

வசுமதி உள்ளே மேசையில் ஒரு முழுத்தாளை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவனைக் கூப்பிட்டாள். மாற்றலை ரத்து செய்யச் சொல்லி மனு எழுதுவதாகச் சொன்னாள்.

"காரணம் சொல்லணும்," என்றாள். "உடம்பு சரியில்லன்னு எழுத முடியாது. நல்லாத்தான் இருக்கேன். கன்னு வளக்குறேன்னு எழுதினா சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க," என்றான் அவன்.

"போன வருஷம் ஒரு நர்ஸை இருந்த இடத்துலயே விட்டுட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் அதே ஊர்ல கவர்மெண்டு வேலை."

அவனுக்கு முதலில் பிடிபடவில்லை. யார் அந்த நர்ஸ் என்று யோசித்துக்கொண்டு நின்றான். வசுமதி பேனாவை மூடவும் இல்லை, அவனைப் பார்க்கவும் இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, "கணவர் இங்கேதான் வேலை பாக்கறார்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

கிணற்றுப் பக்கம் யாரோ வாளி விடுகிற சத்தம் கேட்டது. தணிகைவேல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"பொய் எழுதிப் பழக்கமில்ல எனக்கு," என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதான் கேட்டுட்டு எழுதலாம்னு."

"எழுதாதீங்க," என்றான். அவள் தலை நிமிர்ந்ததைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னான். "இப்ப எழுதாதீங்க. இப்ப எழுதினா பொய்யாப் பூடும். நாளைக்கு செங்கப்பட்டுக்குப் போயி உங்க தம்பியாண்ட பேசிட்டு வந்துர்றேன். கல்யாணம் ஆவட்டும். அப்பால எழுதுங்க."

மருந்து அறையில் கிண்ணம் ஒன்று விழுந்து உருண்டது. கன்னியம்மா அங்கே இத்தனை நேரமாகக் கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி முதலில் முகம் கொடுக்கவில்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று அக்காவுக்குக் கடிதம் எழுதினான். அவள் ஒரே ஒரு வரியில், தேவை என்று பதில் எழுதினாள். அவன் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்திருக்க வேண்டும். தங்கைகளையும் அவர்கள் வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு அவனே முன்னால் வந்து நின்றான். ஒரு வாரம் கழித்து மனு போயிற்று. தாலி கட்டிய கையோடு அதற்கு வேண்டிய அத்தாட்சியையும் தணிகைவேல் வாங்கி வைத்திருந்தான், எந்த இடத்திலும் ஒரு எழுத்துக்கூடத் தப்பாக இருக்கக் கூடாது என்று. பதில் வர நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் வசுமதி புது ஊரில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் பஸ் மாறிப் போய், எந்த டப்பாவில் எத்தனை இலை என்று சொல்லிவிட்டு வந்தான். கார்த்திகைக் கடைசியில் அவள் அடப்பங்குப்பத்துக்கே திரும்பி வந்தாள். புன்னைகளை அதுவரை அவன் தரையில் வைக்கவில்லை. இரண்டு பேருமாக மிச்ச மழையில் வைத்தார்கள்.

எல்லாமே பிழைத்துவிடவில்லை. ஒன்பது புன்னையில் நான்கு நின்றன. ஒரு வேம்பை ஆடு கடித்தே தீர்த்தது. ஆனால் பூவரசு நான்கும் மூன்றாவது வருடம் ஒன்றோடொன்று கிளை கோத்து வாசலை மூடின. 1978 கோடையில் ஒரு புதன்கிழமை வசுமதி வெளியே எட்டிப் பார்த்தபோது, பதினேழு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டுத் தூங்கியே போயிருந்தாள். அவளை எழுப்பாமல் வசுமதி அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

கூட்டம் போன பிறகு தணிகைவேல் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்தான். அவர்களுடைய இரண்டு வயது மகள் சாந்தா சைக்கிளின் முன்கூடையில் உட்கார்ந்து வந்தாள். மரத்தடியில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பூவரசில் கம்பளிப்பூச்சி விழுகிறது, கூட்டிக் கூட்டிக் கை ஓய்ந்து போகிறது என்று கன்னியம்மா துடைப்பத்தோடு வந்து முறையிட்டாள். அடுத்த தடவை வேறு மரம் வைக்கலாம் என்றான் தணிகைவேல்.

"அடுத்த தடவையா?" என்றாள் வசுமதி.

பஸ் நிற்கிற இடத்தில் மீன் கூடையோடு பெண்கள் வெயிலில் நிற்பதை அவன் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். அங்கே மண் வேறு, கொஞ்சம் களி கலந்தது. தோண்டிப் பார்க்கவேண்டும் என்றான். குழந்தைக்கு மீன் முள் எடுத்து ஊட்டிக்கொண்டே அவள், ஞாயிற்றுக்கிழமை போகலாம், நானும் வருகிறேன், கடப்பாரையை நினைவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.